நூற்று நாற்பது தட்டுகள்

எதிர்த்துக் கை தூக்கியவள்
நான் ஒருத்திதான்.
சமூகக் கூடத்தின் சாவி என்னிடம்.
அங்கே இருப்பது ஒரே ஒரு கழுவுதொட்டி.
நூற்று நாற்பது பேர் உண்டு எழுந்தால்
யார் கை தண்ணீரில் ஊறும் என்று
எனக்குத் தெரியும்.

"காகிதத் தட்டு வேண்டாம்.
அவரவர் வீட்டுத் தட்டு வரட்டும்" என்றாள்
படகுத்துறையில் சீட்டுக் கிழிக்கும் ஹெல்யூ.
"தீவுக்குள் வருவதும் என் கண்முன்,
தீவை விட்டுப் போவதும் என் கண்முன்.
கிறிஸ்துமஸ் கழிந்து முதல் படகில்
முதலில் ஏறுவது நம் குப்பை லாரி.
அதற்கும் நான்தான் சீட்டுக் கொடுக்கிறேன்."

சிரித்தார்கள். கை தூக்கினார்கள்.
நான் யாருக்கும் சொல்லாமல்
இருநூறு தட்டுகள், மெழுகு பூசியவை,
எஸ்தோனியப் பெருநிலத்திலிருந்து வரவழைத்துத்
துடைப்பங்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.
வருமுன் காப்பவள் என்று
என்னைப் பற்றி எனக்கு ஓர் எண்ணம்.

அன்று மூன்றரைக்கே இருட்டிவிட்டது.
தட்டுகள் வந்தன:
துண்டில் சுற்றி, கம்பளித் தொப்பிக்குள் ஒளிந்து,
சறுக்குவண்டியில் குழந்தையின் மடியில் அமர்ந்து.
ஓரம் உதிர்ந்தது, நீலக்கரை போட்டது,
சோவியத் காலத்து ஆலை உணவகத்தின்
முத்திரை பதித்தது
(வீட்டுக்கு எப்படி வந்தது என்று கேட்கக் கூடாது),
பூனைப் படம் போட்டது ஒன்றே ஒன்று.
அதில்தான் சாப்பிடுவேன் என்று
மூன்று பேர். மூவரும் ஐம்பது கடந்தவர்கள்.

பரிசுக்கும் விதி: கடையில் வாங்கக் கூடாது.
துறைமுக அலுவலகம் கழித்துப் போட்ட
கடல் வரைபடங்களில் பொட்டலம் கட்டியிருந்தார்கள்.
ஆழங்கள் மாறிவிட்ட பழைய கடல்.
ஊர்மஸ் ஒரு பாறைத்திட்டை நெடுகக் கிழித்தான்.
உள்ளே ஒற்றைக் கையுறை.
"ஜோடி பின்னிக்கொண்டிருக்கிறேன்,
ஈஸ்டருக்குள் வரும்" என்றொரு குறிப்பு.

எனக்குக் கிடைத்தது
போன வருடத்துப் படகுச் சீட்டு.
பின்பக்கம் பென்சில் எழுத்து:
மூன்று மணி நேரம். பனி அள்ள,
விறகு பிளக்க, அல்லது
நீங்கள் சொல்லும் எதற்கும். ரைவோ.

நிமிர்ந்து கழுவுதொட்டியைப் பார்த்தேன்.
"இப்போதே" என்றேன்.

டிராக்டருக்கு அடியில் படுத்தே
பாதி ஆயுளைக் கழித்த மனிதன்
சட்டைக் கையை மடித்தான்.
ரத்தப் புட்டின் கொழுப்பு
வெந்நீருக்கும் மசியவில்லை.
கெண்டி ஏழு தடவை கொதித்தது.
யாரோ துடைக்க வந்தார்கள், பிறகு யார் யாரோ.
நான் உட்கார்ந்து இஞ்சி பிஸ்கட் தின்றேன்,
கூடத்துச் சாவி என் கைக்கு வந்த பிறகு முதல் முறையாக.
இரண்டு தட்டு உடைந்தன.
ஒன்று என்னால்.

சிக்கல் அதற்குப் பிறகுதான்.
எது யாருடையது?
நள்ளிரவு, பனிக்காற்று, தூங்கி விழும் பிள்ளைகள்.
கைக்கு அகப்பட்டதை
எடுத்துக்கொண்டு போனார்கள்.

இப்போது பிப்ரவரி.
கரையோரம் கடல் உறைந்து கிடக்கிறது.
என் மேசையில் எவர் வீட்டுத் தட்டோ,
நீலக்கரை போட்டது.
அதில் கத்தி கீறிய கோடுகள்
என் கோடுகளுக்கு எதிர்ப்பக்கமாய்ச் சாய்கின்றன.
இடக்கைக்காரர் வீட்டுத் தட்டு.

கடையில் காசு நீட்டும் கைகளை
உற்றுப் பார்க்கிறேன்.
இதுவரை நான்கு இடக்கைகள்.
நான்கு பேரும் தங்களுடையது இல்லை என்றார்கள்.
ஒருவர் வீட்டில் காபி தந்தார்,
என் தட்டில் பிஸ்கட் வைத்து.
நான் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை.
பூனைத் தட்டு எங்கே என்று
ஊரில் ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

துடைப்பங்களுக்குப் பின்னால்
இருநூறும் அப்படியே இருக்கின்றன.
உறையை ஓர் எலி கடித்து
உள்ளே குடும்பம் நடத்துகிறது.
ஹெல்யூவிடம் சொல்லிவிடலாம் என்று
இன்று படகுத்துறைக்குப் போனேன்.
நாலு வார்த்தை வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்தேன்.

அவள் கண்ணாடி ஜன்னலைத் திறந்து
எனக்கு முன்னால் நின்றவரின் சீட்டை வாங்கிக்
கிழித்தாள்,
இடது கையால்.